இலங்கையை வலம்வரும் வழி

நாற்புறமும் கடல் சூழ்ந்த நிலம் தீவு எனப்படும். இலங்கையும் தீவே. ஆயினும், கடல் சூழ்ந்த நிலம் என்று மட்டும் சொல்லி நிறுத்தினால் பாதி உண்மையே சொன்னதாகும். கடல் நிலத்தைச் சூழ்ந்திருப்பது போலவே, இத்தீவின் சமநிலம் மலையைச் சூழ்ந்திருக்கிறது. 65,610 சதுர கிலோமீற்றர் பரப்புள்ள இந்நாட்டின் தென்நடுவில் மலைநாடு எழுந்து, பீதுருதாலகாலையில் 2,524 மீற்றர் உயரத்தை எட்டுகிறது.

கல்முனை, மருதமுனை, சாய்ந்தமருது, சம்மாந்துறை, நிந்தவூர், அக்கரைப்பற்று ஆகிய ஊர்களின் மக்கள் கடலையும் வயலையும் நாள்தோறும் காண்பவர்கள். மலையோ அவர்களுக்குத் தொலைவில் உள்ள பொருள். அந்த மலையை ஒருமுறையேனும் சுற்றிவர வேண்டும் என்ற ஆசை இவ்வூர்க் குடும்பங்கள் பலவற்றில் உண்டு. அறுவடை முடிந்து கையில் சிறிது பணமும், பிள்ளைகளுக்கு விடுமுறையும் வாய்த்தவுடன், ஒரு வேனை வாடகைக்கு அமர்த்திக்கொண்டு புறப்பட்டுவிடுகிறார்கள். கல்முனைக்குப் புகைவண்டி இல்லை. அது மட்டக்களப்போடு நின்றுவிடுகிறது. ஆகையால் இப்பகுதி மக்களுக்குச் சுற்றுலா என்றால் அது சாலை வழியே செல்வதுதான்.

இத்தகைய பயணத்துக்குத் திட்டமிடுவோர் முதலிற் செய்வது, தேசப்படத்தை விரித்துத் தூரத்தைக் கணக்கிடுவது. இத்தனை கிலோமீற்றர், மணிக்கு இத்தனை கிலோமீற்றர் வேகம், ஆகவே இத்தனை மணி நேரம் என்று வகுத்துவிடுகிறார்கள். சமநிலத்துக்கு இக்கணக்குப் பொருந்தும், மலைநாட்டுக்குப் பொருந்தாது. இலங்கையைச் சுற்றிவரக் கருதுவோர் தூரத்தைக் கேட்பதற்கு முன் இரண்டு கேள்விகளைக் கேட்க வேண்டும். இப்போது வீசுவது எந்தக் காற்று? எதிரே இருப்பது எந்தச் சரிவு? இவ்விரண்டுக்கும் விடை தெரிந்தால் தூரம் தானாகவே அடங்கிவிடும்.

முதலிற் காற்றைக் கவனிக்கலாம். வைகாசி முதல் புரட்டாசி வரை தென்மேற்குப் பருவக்காற்று வீசுகிறது. இந்து மாகடலின் ஈரத்தைச் சுமந்துவரும் அக்காற்று மலைநாட்டின் மேற்குச் சரிவில் மோதி, சுமந்துவந்த நீரையெல்லாம் அங்கேயே இறக்கிவிடுகிறது. கினிகத்தேனை போன்ற இடங்களில் ஆண்டுக்கு 5,000 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெய்வது இதனாலேயே. நீரை இழந்த காற்று மலையைத் தாண்டிக் கிழக்கே இறங்கும்போது உலர்ந்து சூடேறுகிறது. கல்முனைப் பகுதியில் ஆனி, ஆடி மாதங்களில் வயலையும் வாயையும் ஒருங்கே வறளச் செய்யும் கச்சான் காற்று இதுவே. கினிகத்தேனையில் குடை பிடிக்கச் செய்யும் காற்றும், நிந்தவூரில் நிழல் தேடச் செய்யும் காற்றும் ஒன்றே என்பதை அறிந்தவர், இத்தீவின் வானிலையை ஓரளவு அறிந்தவராவார்.

ஐப்பசிக்குப் பின் நிலைமை மாறுகிறது. வடகிழக்கிலிருந்து வாடைக்காற்று வருகிறது. அப்போது மழை கிழக்குக் கரைக்கும், பதுளை, பண்டாரவளை அடங்கிய ஊவாவின் கிழக்குச் சரிவுக்கும் உரியது. அம்பாறைக் கரையோரம் ஆண்டில் பெறும் மழையின் பெரும்பகுதி கார்த்திகை, மார்கழி, தை மாதங்களிலேயே பெய்கிறது. வயல் வெள்ளமாகி, ஆறுகள் கரைபுரண்டு, சாலைகள் தடைப்படுவது இக்காலத்தில்தான். 2025ஆம் ஆண்டு நவம்பர் இறுதியில் டித்வா புயல் இத்தீவைத் தாக்கியபோது மலைநாட்டில் நிலம் சரிந்து, வீடுகளும் சாலைகளும் பாலங்களும் அழிந்தன. நூற்றுக்கணக்கான உயிர்கள் மாண்டன. அதற்கு முன்னர் 2014 ஒக்டோபர் 29ஆம் நாள் காலையில், கொஸ்லந்தைக்கு அருகே மீரியபெத்தைத் தோட்டத்தில் மலை சரிந்து தொழிலாளரின் லயன் வீடுகளைப் புதைத்தது. கல்முனையிலிருந்து கொழும்புக்குச் செல்லும் பெருஞ்சாலை அவ்விடத்துக்கு அண்மையாகவே செல்கிறது. ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் மலைநாட்டுக்கு உல்லாசப் பயணம் வேண்டா என்று முதியோர் தடுத்தால், அது வெறும் அச்சத்தாற் சொல்வதன்று.

ஆக, ஒரு பக்கம் வெயிலெனில் மறு பக்கம் மழை என்பது இத்தீவின் இயல்பு. இரண்டு காற்றும் ஓய்ந்து, தீவு முழுவதும் ஏறத்தாழத் தெளிந்திருக்கும் காலம் பெப்ரவரி முதல் ஏப்ரல் முற்பகுதி வரையிலான சில வாரங்களே. அம்பாறைக் கரையாருக்கு இது இயற்கை தந்த வாய்ப்பு. பெரும்போக அறுவடை முடிந்து, சிறுபோக விதைப்புத் தொடங்குமுன் உழவருக்குக் கிடைக்கும் இடைவேளையும் அதுவே. உழவரின் நாட்காட்டியும் பயணியின் நாட்காட்டியும் இங்கே ஒன்றுபடுகின்றன.

இவற்றோடு பிறை பார்க்கும் நாட்காட்டியும் உண்டு. நோன்பு மாதம் ஆண்டுதோறும் பத்துப் பதினொரு நாள் முன்னகர்ந்து வருகிறது. 2026, 2027 ஆகிய ஆண்டுகளில் அது பெப்ரவரி, மார்ச் மாதங்களைத் தழுவி அமைகிறது. ஆகவே இவ்வாண்டுகளில் நோன்புப் பெருநாளுக்குப் பிந்திய நாட்களே பயணத்துக்கு ஏற்றவை. முஸ்லிம் பாடசாலைகளின் விடுமுறை நோன்பை ஒட்டி அமைவதால், பிற பாடசாலைகள் நடைபெறும் நாட்களில் கூட்டமற்ற சாலையிற் செல்லும் வசதியும் சில வேளை கிடைக்கும். சித்திரைப் புத்தாண்டை ஒட்டிய நாட்களை மட்டும் விலக்குதல் நலம். அப்போது நுவரெலியாவில் வசந்தகால விழா நடைபெறுகிறது. தங்க இடமும் வண்டி நிறுத்த இடமும் கிடைப்பது அரிது.

மலைக்கும் இக்கரைக்கும் இடையிலான வழி புதிதன்று. போர்த்துக்கேயர் தம் ஆட்சிக்குட்பட்ட கரையோரங்களிலிருந்து முஸ்லிம்களை 1626ஆம் ஆண்டில் வெளியேற்றியபோது, கண்டியரசன் செனரத் அவர்களுக்குப் புகலிடம் தந்து, நாலாயிரம் பேரளவில் மட்டக்களப்புப் பகுதியில் குடியமர்த்தினான் என்பது வரலாறு. இக்கரையோர முஸ்லிம்களின் முன்னோருட் பலர் அவ்வாறு மலையிலிருந்து இறங்கி வந்தவர்களே. பின்னர் அவர்களின் பொதிமாட்டுக் கூட்டங்கள் உப்பையும் கருவாட்டையும் சுமந்து காட்டுவழியே மலைக்கு ஏறின. பாக்கும் பிற மலைபடு பொருள்களும் கொண்டு திரும்பின. தவளம் என்று பெயர்பெற்ற அக்கூட்டங்கள் மழைக்காலத்திற் புறப்பட்டதில்லை. இருட்டில் மலையேறியதுமில்லை. பொழுது சாயுமுன் நீர்நிலை கண்டு மாடுகளை அவிழ்த்துவிட்டு இளைப்பாறின. இன்றைய வேன் சாரதிக்கும் இதனினும் சிறந்த விதிகள் வேண்டுவதில்லை.

தீவைச் சுற்றிய பழைய பயணிகளுள் புகழ்பெற்றவர் மொரோக்கோ நாட்டவரான இப்னு பதூதா. மாலைதீவிலிருந்து 1344ஆம் ஆண்டில் இங்கு வந்த அவர், புத்தளத்திற் கரையிறங்கி, ஆரியச் சக்கரவர்த்தியைக் கண்டு, பாவா ஆதம் மலைக்குச் செல்ல உதவி வேண்டினார். மன்னன் பல்லக்கும் வழித்துணையும் கொடுத்து அனுப்பினான். மலையில் ஏறித் தரிசித்தபின் அவர் தெற்கே தெவிநுவரைக்கு இறங்கி, காலி, கொழும்பு வழியாகப் புத்தளத்துக்கே மீண்டார். ஆதம் மலைக்குப் பாபா வழி, மாமா வழி என இரண்டு உண்டென்றும், முன்னது கடினமானது, பின்னது எளியது என்றும், யாத்திரிகர் கடின வழியால் ஏறி எளிய வழியால் இறங்கினரென்றும் அவர் எழுதிவைத்தார். உடலும் வண்டியும் புதிதாயிருக்கும்போது செங்குத்தான வழியால் ஏறுக, களைத்தபின் எளிய வழியால் இறங்குக என்பது அன்றே கண்ட நெறி.

ஐஸ்லாந்து என்ற வடதிசைத் தீவில், 1974ஆம் ஆண்டு முதல் ஒரே எண்ணுடைய சாலை ஒன்று ஏறத்தாழ 1,300 கிலோமீற்றர் நீளத்துக்கு நாட்டைச் சுற்றிச் செல்கிறது. அதிற் புறப்பட்டவர் திசை மாறாமற் சென்றால் புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர்வார். இலங்கையில் அத்தகைய ஒற்றைச் சாலை இல்லை. தென்கிழக்கில் யால, குமண வனங்களும், வடமேற்கில் வில்பத்து வனமும் கரையோர வழியை மறிக்கின்றன. எனவே கல்முனையிலிருந்து புறப்படுவோர் இரண்டு வட்டங்களுள் ஒன்றைத் தெரிவுசெய்ய வேண்டும். ஒன்று மலையைச் சுற்றிவரும் சிறுவட்டம். ஏழு நாள் போதும். மற்றது கரையைத் தழுவிவரும் பெருவட்டம். பத்து நாளுக்குக் குறையாது. இரண்டையும் ஒரே விடுமுறையில் முடிக்க முயல்வோர் இரண்டையும் காணாமலே திரும்புவர்.

எவ்வட்டமாயினும் முதலில் தெற்கு நோக்கிச் செல்வது சிறந்தது. கடிகார முள் செல்லும் திசையில் தீவைச் சுற்றினால் மலை வலப்பக்கமும் கடல் இடப்பக்கமும் அமையும். இந்நாட்டில் வண்டிகள் சாலையின் இடப்புறமாகச் செல்வதால், கரையோரத்திற் கடற்காட்சி பயணியின் பக்கமாகவே கிடைக்கும்.

சிறுவட்டத்தின் முதல் நாள், சுபஹுத் தொழுகை முடிந்ததும் புறப்படலாம். சுவாமி விபுலாநந்தர் 1892ஆம் ஆண்டிற் பிறந்த காரைதீவைக் கடந்து, நிந்தவூர், ஒலுவில், அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று, தம்பிலுவில், திருக்கோவில் என ஊர்கள் வரிசையாக வருகின்றன. பள்ளிவாசலின் மினாராவும் கோயிலின் கோபுரமும் மாறி மாறித் தோன்றும் வழி இது. கோமாரிக்குப் பின் ஊர்கள் அருகிக் காடு நெருங்குகிறது. ஏறத்தாழ 70 கிலோமீற்றர் தொலைவிலுள்ள பொத்துவிலில் கடலிடம் விடைபெற வேண்டும். அருகே அறுகங்குடாவில் வைகாசி முதல் ஐப்பசி வரை அலைச்சறுக்கு ஆடும் வெளிநாட்டார் கூடுவர். ஏனைய காலத்தில் அமைதியே நிலவும். அங்கிருந்து மேற்கே திரும்பும் சாலை லாகுகலைக் காட்டினூடே செல்கிறது. மாலையில் அங்கே யானைகள் சாலைக்கு வரும். ஆதலின் பொத்துவிலில் நண்பகல் உணவை முடித்துக்கொண்டு, வெயில் இருக்கும்போதே சியம்பலாண்டுவையைக் கடந்து மொனராகலையிற் தங்குவது முறை. தூரம் குறைவென்று முதல் நாளே எல்ல வரை ஓட எண்ணுவது தவறு. அப்படி ஓடினால் மலையேற்றம் இருட்டில் அமையும்.

இரண்டாம் நாள் காலையில் வெல்லவாயவை அடைந்ததும் மலை எதிரே சுவராக எழுகிறது. அங்கிருந்து எல்லவுக்கு ஏறத்தாழ முப்பது கிலோமீற்றர். அதற்குள் சாலை 800 மீற்றருக்கு மேல் உயர்கிறது. இராவணன் பெயர்கொண்ட நீர்வீழ்ச்சி சாலையோரத்திலேயே விழுகிறது. பாறைகள் வழுக்குவன, பிள்ளைகளைக் கையிற் பிடித்துக்கொள்ள வேண்டும். மேலே எல்லையற்ற சமவெளியைத் திறந்துகாட்டும் எல்ல இடுக்கும், அதற்கப்பால் 1921ஆம் ஆண்டளவிற் கட்டப்பட்ட ஒன்பது வளைவுப் புகைவண்டிப் பாலமும் உள்ளன. இரும்பு பயன்படுத்தாது கல்லாலும் செங்கல்லாலும் சாந்தாலும் எழுந்த பாலம் அது.

மூன்றாம் நாள் பண்டாரவளைக்கும் அப்புத்தளைக்கும் உரியது. அப்புத்தளை ஒரு மலைமுதுகில் அமைந்த ஊர். ஒரு பக்கம் பார்த்தால் தென்சமவெளி; மறு பக்கம் பார்த்தால் ஊவாவின் பள்ளத்தாக்குகள். அருகிலுள்ள தம்பேதன்னைத் தோட்டம் தோமஸ் லிப்டன் என்ற வணிகருக்கு உரியதாயிருந்தது. அவர் அமர்ந்து தம் தோட்டங்களைப் பார்த்ததாகச் சொல்லப்படும் குன்றுக்கு விடியற்காலையிலேயே செல்ல வேண்டும். பத்து மணிக்குப் பின் முகில் ஏறி எல்லாவற்றையும் மூடிவிடுகிறது. தேயிலை கொய்யும் பெண்களிடம் வழி கேட்டால் விடை தமிழிலேயே வரும். கடலோரத் தமிழுக்கும் மலையகத் தமிழுக்கும் ஓசை வேறு. ஆயினும் மொழி ஒன்று. கல்முனைப் பிள்ளைகள் அந்தத் தமிழைக் கேட்பதும், அதைப் பேசுவோர் எத்தகைய வீடுகளில் வாழ்கின்றனர் என்பதைக் காண்பதும் பயணத்தின் பயன்களுள் ஒன்று.

நான்காம் நாள் வெலிமடை வழியாக நுவரெலியாவுக்கு ஏற வேண்டும். வழியில் ஹக்கலைப் பூங்கா உண்டு. 1861ஆம் ஆண்டில், மலைக்காய்ச்சலுக்கு மருந்தான சிங்கோனா மரத்தை வளர்ப்பதற்காகத் தொடங்கப்பட்டது அது. நுவரெலியா 1,868 மீற்றர் உயரத்தில் உள்ளது. ஆயிரம் மீற்றர் ஏறினால் வெப்பம் ஏறத்தாழ ஆறரைப் பாகை குறையும் என்பது பொதுக் கணக்கு. கல்முனையில் 28 பாகையிற் பழகியவர் இங்கே 16 பாகையிற் குளிப்பதற்குத் தயங்குவார். இரவில் குளிர் இன்னும் கூடும். முதியோருக்கும் கைக்குழந்தைகளுக்கும் கம்பளியாடை அவசியம். வளைவுகளில் தலைச்சுற்றும் குமட்டலும் வருவோர் புறப்படுமுன் வயிறு புடைக்க உண்ணாதிருப்பதும், வேர்க்கொம்பும் எலுமிச்சம்பழமும் கையில் வைத்திருப்பதும் பயன் தரும்.

ஐந்தாம் நாள் இறக்கம் தொடங்குகிறது. இறம்பொடை நீர்வீழ்ச்சிகளையும் கொத்மலை நீர்த்தேக்கத்தையும் கண்டுகொண்டு, புசல்லாவை, கம்பளை வழியாகக் கண்டியை அடையலாம். தூரம் எண்பது கிலோமீற்றரளவே. ஆயினும் நின்று பார்த்துச் செல்வோருக்கு அரை நாள் வேண்டும். ஆறாம் நாள் கண்டியிற் தங்கி, தலதா மாளிகையையும் பேராதனைப் பூங்காவையும் மீராமக்காம் பள்ளிவாசலையும் காணலாம். இவ்வழி நெடுகிலும், பண்டாரவளை, வெலிமடை, நுவரெலியா, கம்பளை ஆகிய ஊர்களிலும் பள்ளிவாசல்கள் இருப்பதால், தொழுகைக்கும் உணவுக்கும் இடர் இல்லை. பிரயாணிக்குத் தொழுகையைச் சுருக்கவும் சேர்த்துத் தொழவும் மார்க்கம் அனுமதி தந்திருக்கிறது. நேரத்தைப் பிடிக்க வேண்டும் என்று வளைவுகளில் விரைவதற்கு ஆகவே காரணம் எதுவும் இல்லை.

இந்த விரைவைப் பற்றியே இன்னும் சிறிது விரித்துச் சொல்ல வேண்டியிருக்கிறது. 2025 மே 11ஆம் நாள் அதிகாலையில், கதிர்காமத்திலிருந்து குருநாகலுக்குச் சென்ற பஸ் வண்டி கொத்மலைப் பகுதியில் கரண்டியெல்ல என்னும் இடத்திற் பள்ளத்தில் வீழ்ந்து, இருபதுக்கு மேற்பட்டோர் மாண்டனர். அதே ஆண்டு செப்டெம்பர் 4ஆம் நாள் இரவில், எல்ல–வெல்லவாய சாலையில் இறங்கிக்கொண்டிருந்த சுற்றுலாப் பஸ் ஒன்று பள்ளத்தில் வீழ்ந்து 15 பேர் உயிரிழந்தனர். இரண்டும் மேலே சொல்லிய வட்டத்தில் உள்ள இடங்களே. இரண்டும் சூரிய ஒளி இல்லாத வேளையில், நெடுந்தூரம் ஓடிவந்தபின் நிகழ்ந்தவை. ஒவ்வொரு விபத்துக்கும் காரணம் தனித்தனியே ஆராயத்தக்கது. எனினும் பயணத்தைத் திட்டமிடும் குடும்பத்துக்கு அவை கூறும் செய்தி ஒன்றே. மலைச்சாலையில் இரவுப் பயணம் திட்டத்தில் இடம்பெறலாகாது.

சமநிலத்துச் சாரதிகள் மலையில் செய்யும் பெருந்தவறு, இறக்கத்திற் பிரேக்கையே நம்புவது. இடைவிடாது மிதிக்கப்படும் பிரேக் சூடேறித் தன் பிடியை இழந்துவிடும். எந்தக் கியரில் ஒரு சரிவை ஏற வேண்டுமோ அந்தக் கியரிலேயே அதனை இறங்க வேண்டும் என்பது மலைச் சாரதிகளின் பழைய விதி. அப்போது இயந்திரமே வண்டியைத் தடுத்துப் பிடிக்கும். ஏறிவரும் வண்டிக்கு இறங்கும் வண்டி இடம்விட வேண்டும். மறைவான வளைவில் ஒலியெழுப்ப வேண்டும். மூடுபனியில் விளக்கை ஏற்றி மெதுவாகச் செல்ல வேண்டும். வாடகை வேன் அமர்த்துவோர் கட்டணத்தைப் பேசுமுன், அச்சாரதி மலையில் ஓட்டிப் பழகியவரா, முதல் நாள் இரவு உறங்கியவரா என்று கேட்பது நாகரிகக் குறைவாகாது. சாரதிக்குப் படுக்கை ஏற்பாடு செய்யாது அவரை வண்டியிலேயே உறங்கவிடும் வழக்கம் பலரிடம் உண்டு. மறுநாள் பத்துப் பன்னிரண்டு உயிர்களைத் தாங்கப்போகும் கண்கள் அவை என்பதை எண்ணினால் அவ்வழக்கம் ஒழியும்.

ஏழாம் நாள் கண்டியிலிருந்து கிழக்கே, தெல்தெனியா, உன்னஸ்கிரிய வழியாகச் செல்லும் சாலை பதினெட்டு வளைவு என்று பெயர்பெற்ற இறக்கத்தால் மகியங்கனைச் சமவெளியை அடைகிறது. காலை வேளையில் அந்த வளைவுகளின் மேல் நின்று கீழே நோக்கினால், மகாவலி பாயும் வயல்நிலம் பச்சைப் பாயாக விரிந்திருக்கும். பின்னர் பதியத்தலாவ, வெந்நீரூற்றுகள் உள்ள மகாஓயா, உகனை, அம்பாறை. இங்கும் யானை நடமாட்டம் உண்டாதலால் பொழுதிருக்க ஊர் சேர வேண்டும். செனரத் மன்னன் காலத்தில் மலையிலிருந்து இறங்கிய மக்களும் இதே கீழ்த்திசை நோக்கியே வந்தனர் என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்ல ஏற்ற இடம் இதுவே.

இனிப் பெருவட்டம். பொத்துவில், மொனராகலை வழியாகப் புத்தலைக்குச் சென்று, யானைகள் வண்டிகளை மறித்து உணவு கேட்கும் காட்டுச் சாலையாற் கதிர்காமத்தை அடைய வேண்டும். யானைக்கு உணவு எறிவது சட்டப்படி குற்றம்; அறிவின்படி அதனினும் பெருங்குற்றம். கதிர்காமத்திற் கோயிலும் விகாரையும் பள்ளிவாசலும் அண்மையண்மையாக உள்ளன. அடுத்து மலாய் மக்கள் வாழும் அம்பாந்தோட்டை, பின்னர் மாத்தறை, காலி. தெற்கு அதிவேகப் பாதை 2020ஆம் ஆண்டில் அம்பாந்தோட்டை வரை நீண்டது. அதன் வழியே விரைவோர் சில மணியிற் கொழும்பை அடைவர், கடலைக் காணார். பழைய காலி வீதியாற் செல்வோருக்குக் கோட்டைக்குள் பள்ளிவாசலும், பேருவளையில் கடலை நோக்கி நிற்கும் கெச்சிமலைப் பள்ளிவாசலும் காட்சி தரும். இடையே பெரலியவில், 2004 டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை புகைவண்டியைப் புரட்டி ஆயிரத்துக்கு மேற்பட்டோரைக் கொன்ற இடத்தில் நினைவுச்சின்னம் உண்டு. அதே காலையில் அம்பாறை மாவட்டம் பதினாயிரம் பேரை இழந்தது. மருதமுனையிலிருந்தும் சாய்ந்தமருதிலிருந்தும் செல்வோர் அங்கே வண்டியை நிறுத்தாமற் செல்லமாட்டார்கள்.

கொழும்புக்கு வடக்கே புத்தளம், இப்னு பதூதா கரையிறங்கிய ஊர். 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம்களிற் பெரும்பாலோர் வந்து தங்கிய ஊரும் அதுவே. அங்கிருந்து அநுராதபுரம், மதவாச்சி வழியாக மன்னாரை அடைந்து, பூநகரியூடாக, 2011ஆம் ஆண்டிற் திறக்கப்பட்ட சங்குப்பிட்டிப் பாலத்தைக் கடந்தால் யாழ்ப்பாணம். நல்லூரையும் நூலகத்தையும் காண்போர், சோனகத் தெருவுக்கும் செல்ல வேண்டும். வெளியேறியவர்களும் மீண்டவர்களும் சந்திக்கும் தெரு அது. திரும்பும் வழி வவுனியா, ஹொரவப்பொத்தானை வழியாகத் திருகோணமலைக்குச் செல்கிறது. திருகோணமலைக்கும் மட்டக்களப்புக்கும் இடையே ஒருகாலத்தில் பல துறைகளில் வண்டியைப் படகில் ஏற்றிக் கடக்க வேண்டியிருந்தது; போர்க்காலத்தில் அவ்வழியே பயனற்றுக் கிடந்தது. 2009ஆம் ஆண்டிற் கிண்ணியாப் பாலமும், தொடர்ந்து ஏனைய துறைகளிற் பாலங்களும் திறக்கப்பட்டபின், மூதூர், வெருகல், வாகரை வழியே ஒரு காலைப்பொழுதில் மட்டக்களப்பை அடைய முடிகிறது. கல்லடிப் பாலத்தையும் காத்தான்குடியையும் கடந்தால் கல்முனை.

1983 முதல் 2009 வரை நீடித்த போரில் இச்சாலைகளிற் பல மூடப்பட்டும், சோதனைச் சாவடிகளால் துண்டுபட்டும் கிடந்தன. அக்காலத்தில் வளர்ந்த தலைமுறை, தன் நாட்டைத் தேசப்படத்திலன்றி வேறெங்கும் காணவில்லை. இன்று பிள்ளைகளை அழைத்துச் செல்லும் பெற்றோருள் பலர் அத்தலைமுறையினர். அவர்களுக்கும் இது முதற் பயணமே. அடுத்த ஊரார் எவ்வாறு உண்கின்றனர், எம்மொழியில் வணங்குகின்றனர், எதற்காக அழுதனர் என்பதை அறியாத மக்களிடையே வதந்தி எளிதிற் பரவும். அறிந்தோரிடையே அது அவ்வளவு விரைவிற் பரவாது. ஆகையால் சாலையோரத்துச் சிங்களக் கடைக்காரரிடம் இரண்டு சொல் பேசிப் பழகுவதும், தோட்டத்து வீட்டாரிடம் நலம் விசாரிப்பதும் பயணத் திட்டத்தின் பகுதியாகவே அமைய வேண்டும். அதற்கு நேரம் ஒதுக்காத திட்டம், எத்துணை இடங்களைச் சேர்த்திருந்தாலும் குறையுடையதே.

கல்லோயா ஆறு பதுளைக்குக் கிழக்கேயுள்ள மலைகளில் ஊற்றெடுக்கிறது. 1949ஆம் ஆண்டிற் தொடங்கிய கல்லோயாத் திட்டத்தின்படி இங்கினியாகலையில் தடுக்கப்பட்டு, சேனநாயக்க சமுத்திரமாகத் தேங்கி, வாய்க்கால்களாற் பிரிந்து, சம்மாந்துறை வயல்களையும் நிந்தவூர் வயல்களையும் நனைக்கிறது. அம்பாறைக் கரையார் உண்ணும் சோற்றில் மலையின் நீர் இருக்கிறது. அவர்கள் மேனியில் படும் கச்சானில் மலையைத் தாண்டிவந்த காற்று இருக்கிறது. தொலைவில் உள்ள பொருள் என்று எண்ணிய மலை, உண்மையில் வீட்டுக்குள்ளேயே இருந்துவருகிறது. காற்றைக் கேட்டு நாளைக் குறித்து, சரிவைக் கேட்டு நேரத்தைக் குறித்து, பொழுதிருக்கப் புறப்பட்டுப் பொழுதிருக்கச் சேர்பவர் அந்த மலையை இனிதே வலம்வந்து நலமே வீடு திரும்புவர்.